பாட்டை வாங்கினீங்களா, வாடகைக்கு எடுத்தீங்களா?

படிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. டிவி ஸ்டாண்டுக்குக் கீழேயோ பீரோ மேலேயோ பழைய சார்ஜர், ஒயர் எல்லாம் போட்டு வைக்கிற ஒரு டப்பா உங்க வீட்டிலும் இருக்கும். அதை எடுத்துக் கொட்டிப் பாருங்க. நோக்கியா பெரிய பின், நோக்கியா சின்ன பின், பழைய கேமராவுக்கு ஒரு மினி யுஎஸ்பி, நாலஞ்சு மைக்ரோ யுஎஸ்பி, யாரோ கொடுத்த ஐபோனோட அகலமான 30 பின் ஒயர். எதுவுமே ரிப்பேர் கிடையாது. எல்லாமே வேலை செய்யும். ஆனா மாட்டுறதுக்குத்தான் ஒண்ணும் இல்லை.

இந்த டப்பாவும் உங்க பணம்தான். எந்த பட்ஜெட் ஷீட்லயும் இது வராது, ஏன்னா 200 ரூபாய், 500 ரூபாய்னு பல வருஷமா கொஞ்சம் கொஞ்சமா போனது.

நம்ம சேனலில் யூலிப் பாலிசி பற்றிப் பேசும்போதெல்லாம் நான் ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பேன். உள்ளே போக எவ்வளவுன்னு எல்லாரும் பார்க்கிறீங்க, வெளியே வர எவ்வளவு ஆகும்னு பார்த்தீங்களா? மியூச்சுவல் ஃபண்டில் அதுக்கு எக்ஸிட் லோடுன்னு பேர், பாலிசியில் சரண்டர் சார்ஜ். டாக்குமெண்டில் எங்கேயாவது ஒரு மூலையிலாவது எழுதியிருப்பாங்க. கேட்ஜெட்டுக்கும் அதே சரண்டர் சார்ஜ் உண்டு. ஆனா பெட்டி மேலே எம்ஆர்பி மட்டும்தான் இருக்கும்.

இது நல்லாப் புரியணும்னா பாட்டு வித்த கதையைப் பார்க்கணும்.

2004ல் மைக்ரோசாஃப்ட் 'எம்எஸ்என் மியூசிக்'னு ஒரு ஆன்லைன் பாட்டுக் கடை திறந்தது. காசு கொடுத்துப் பாட்டை டவுன்லோடு பண்ணிக்கலாம். ஆனா அந்த ஃபைலில் ஒரு டிஜிட்டல் பூட்டு இருந்தது. பூட்டைத் திறக்கிற சாவி கம்பெனியோட சர்வரில். புது கம்ப்யூட்டர் வாங்கினால் அங்கே கேட்டு அனுமதி வாங்கணும். 2006ல் அதே மைக்ரோசாஃப்ட் 'ஜூன்' என்ற பிளேயரைக் கொண்டு வந்தது. எம்எஸ்என் கடையில் வாங்கின பாட்டு அந்த ஜூனில் ஓடாது! கடையும் அவங்களோடது, பிளேயரும் அவங்களோடது, பாட்டுக்குக் காசு கொடுத்தது மட்டும் நீங்க.

கதை அதோட முடியலை. கடையை மூடின பிறகு, 2008 ஆகஸ்ட் 31க்கு மேல் சாவி கொடுக்க மாட்டோம்னு அறிவிச்சாங்க. ஏற்கனவே அனுமதி வாங்கின கம்ப்யூட்டரில் ஓடும். அந்த கம்ப்யூட்டர் போச்சுன்னா, விண்டோஸை மாத்தினா, பாட்டும் போச்சு. வாடிக்கையாளர்கள் சத்தம் போட்ட பிறகுதான் தேதியைத் தள்ளி வச்சாங்க. அதே 2008ல் யாஹூவும் தன்னோட பாட்டுக் கடையை மூடினது, அங்கேயும் இதே பிரச்சனை.

இப்போ நம்ம ஊர்க் கதைக்கு வாங்க. 2012ல் ஃபிளிப்கார்ட் 'ஃபிளைட்'னு ஒரு பாட்டுக் கடை ஆரம்பிச்சது ஞாபகம் இருக்கா? ஆறு ரூபாய், பத்து ரூபாய்னு தனித்தனிப் பாட்டு, தமிழ்ப் பாட்டும் இருந்தது. அடுத்த வருஷமே, 2013ல், மூடிட்டாங்க. சின்னத் தொகையை ஆன்லைனில் கட்டுறதே அப்போ பெரிய தலைவலி, கார்டு நம்பர் போட்டு ஓடிபி வந்து... பத்து ரூபாய்க்கு யார் அவ்வளவு மெனக்கெடுவாங்க? யுபிஐ வந்தது 2016ல். மூணு நாலு வருஷம் தள்ளி வந்திருந்தா ஃபிளைட் பிழைச்சிருக்கலாம் என்பது என் எண்ணம். அதை விடுங்க. நான் சொல்ல வந்தது வேற. ஃபிளைட் விற்றது பூட்டில்லாத எம்பி3. கடை போனாலும் டவுன்லோடு பண்ணி வச்சிருந்தவங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அன்னைக்கு வாங்கின ஃபைல் இன்னைக்கு உங்க ஃபோன்ல, கார்ல, டிவியில எதில் போட்டாலும் பாடும்.

ரெண்டு கடையும் மூடினது. ஒண்ணில் வாங்கினவங்க மாட்டிக்கிட்டாங்க, இன்னொண்ணில் வாங்கினவங்களுக்குக் கவலையே இல்லை. கம்பெனி பெரிசா சின்னதா, அமெரிக்காவா பெங்களூரா என்பதெல்லாம் இதில் வரவே இல்லை. ஃபைல் எந்த ஃபார்மேட்டில் இருந்தது, சாவி யார் கையில் இருந்தது, அவ்வளவுதான்.

இங்கே ஒரு விஷயத்தை நேர்மையா ஒத்துக்கணும். "ஓப்பன் ஸ்டாண்டர்டு" என்றாலே கையெடுத்துக் கும்பிடுகிற ஆள் இல்லை நான். எம்பி3 ஒண்ணும் இலவசமாப் பிறந்தது கிடையாது. அதை உருவாக்கினதில் முக்கியப் பங்கு ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு. பேட்டன்ட் வச்சிருந்தாங்க, பிளேயர் தயாரிக்கிற கம்பெனிகளிடம் ராயல்டி வாங்கினாங்க. அந்த லைசன்ஸ் திட்டத்தை அவங்க நிறுத்தினது 2017 ஏப்ரலில்தான். இதுக்குப் போட்டியா, யாருக்கும் காசு கட்ட வேண்டாம்னு 2002ல் 'ஆக் வார்பிஸ்' என்ற ஃபார்மேட்டின் முதல் முழு வெளியீடு வந்தது. அதே சைஸில் எம்பி3யை விட நல்லாவே கேட்கும். ஆனா ஐபாடில் ஓடாது. ஐரிவர், கோவான் மாதிரி சில பிளேயர்களில்தான் ஓடும். 2003ல் கொள்கைப் பிடிப்போடு தன் சிடி முழுவதையும் வார்பிஸுக்கு மாத்தி வச்சவரைவிட, சும்மா எம்பி3யா வச்சிருந்தவருக்குத்தான் அலைச்சல் குறைவு.

ஆக, பேட்டன்ட் இல்லாதது என்பது ஒண்ணு, எல்லாப் பெட்டியிலும் ஓடுறது என்பது வேற ஒண்ணு. முதலாவது இன்ஜினியருக்கும் கம்பெனிக்கும் முக்கியம். நம்ம பர்சுக்கு ரெண்டாவதுதான் முக்கியம். ரெண்டும் ஒரே இடத்தில் கிடைக்கும்போது யோசிக்காம எடுத்துக்கணும். இன்னைக்கு அப்படிக் கிடைக்குது. எம்பி3 பேட்டன்ட் காலாவதி. ஒலியில் ஒரு துளி கூட இழக்காம சுருக்கி வைக்கிற 'ஃபிளாக்' 2001லிருந்து இருக்கு, இலவசம், 2024 டிசம்பரில் இணையத் தரநிலை அமைப்பான ஐஇடிஎஃப் அதை முறையான ஆவணமாகவே வெளியிட்டது. நீங்க தினமும் அனுப்புற வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் இருக்கே, அது 'ஓப்பஸ்'. அதுவும் திறந்த தரநிலைதான், 2012ல் வந்தது. யாரும் விளம்பரம் பண்ணலை, நமக்கும் பேர் தெரியாது, வேலை மட்டும் நடக்குது.

தன் ஃபார்மேட்டையே கட்டிப் பிடிச்சுக்கிட்டு இருந்தா கம்பெனிக்கும் நஷ்டம்தான், அதுக்கு சோனியைப் பாருங்க. வாக்மேனைக் கண்டுபிடிச்ச கம்பெனி. 2004ல் ஹார்டு டிஸ்க் வச்ச வாக்மேனைக் கொண்டு வந்தப்போ எம்பி3யை அது நேராப் பாடாது. அவங்களோட 'அட்ராக்' ஃபார்மேட்டுக்கு மாத்தித்தான் ஏத்தணும். உலகமே எம்பி3 வச்சிருக்கிற நேரத்தில! அந்த வருஷமே மனசை மாத்திக்கிட்டாங்க, ஆனா ஐபாடு ரொம்ப தூரம் போயிடுச்சு. மெமரி ஸ்டிக் கதையும் அதேதான். எல்லாரும் எஸ்டி கார்டு போடும்போது சோனி கேமரா வாங்கினவங்க மட்டும் கூடக் காசு கொடுத்து மெமரி ஸ்டிக் வாங்கினாங்க. 2010ல் சோனியே எஸ்டி கார்டுக்கு வந்துடுச்சு. அந்த மெமரி ஸ்டிக் எல்லாம் இப்போ நான் முதல்ல சொன்ன டப்பாவில்.

இது பழங்கதைன்னு நினைக்காதீங்க. 2014 கடைசியில் 'எம்க்யூஏ'னு ஒரு ஹை ரெசல்யூஷன் ஃபார்மேட் வந்தது. ஸ்டூடியோ தரத்தில் கேட்கலாம்னு சொன்னாங்க. முழுசாக் கேட்கணும்னா லைசன்ஸ் வாங்கின டிஏசி வேணும், அதாவது டிஜிட்டல் சிக்னலை ஒலியா மாத்துற பெட்டி. ஆடியோ பிரியர்கள் அந்த லோகோவைப் பார்த்து வாங்கினாங்க. 2023 ஏப்ரலில் அந்த கம்பெனி திவால் நடவடிக்கைக்குப் போச்சு, பிறகு லென்புரூக் வாங்கினது. அந்த ஃபார்மேட்டைத் தூக்கிப் பிடிச்ச டைடல் 2024 ஜூலையில் அதை விட்டுட்டு ஃபிளாக்குக்கு மாறிடுச்சு. பெட்டி இன்னும் பாடும், அதில் சந்தேகம் இல்லை. ஆனா அந்த லோகோவுக்குன்னு கூடக் கொடுத்த காசு?

இந்த இடத்தில் ஹை ரெசல்யூஷன் பற்றியும் சொல்லிடறேன், சில பேருக்குக் கோபம் வரும். சிடி தரமே, அதாவது 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், பெரும்பாலான காதுகளுக்குப் போதும். நாலு நிமிஷப் பாட்டு சிடியில் சுமார் 42 எம்பி. ஃபிளாக் ஆக்கினா பாட்டைப் பொறுத்து 20லிருந்து 30 எம்பிக்குள் வரும். 320 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் பத்து எம்பிக்கும் குறைவு. ஓடுற பஸ்ஸில் ப்ளூடூத் இயர்பட்ஸில் கேட்கிறவருக்கு இந்த 320க்கு மேல் போறதெல்லாம் வீண் செலவு. பழைய எம்பி3யை ஃபிளாக்கா மாத்தித் தரோம்னு யாராவது சொன்னா சிரிச்சுட்டு நகருங்க. போன சத்தம் திரும்பி வராது, ஃபைல் மட்டும்தான் பெருசாகும்.

இயர்பட்ஸ்னு சொன்னதும் ஞாபகம் வந்தது. பெட்டியில் 'எல்டிஏசி' இருக்கு, 'ஆப்டெக்ஸ்' இருக்குன்னு ரெண்டாயிரம் ரூபாய் கூடப் போடுவாங்க. ஃபோனும் இயர்பட்ஸும் ரெண்டு பேரும் அதே மொழி பேசினால்தான் அது வேலை செய்யும். ஐபோன் ரெண்டையும் பேசாது, எஸ்பிசியும் ஏஏசியும் மட்டும்தான். ஐபோனுக்கு எல்டிஏசி இயர்பட்ஸ் வாங்குறது, டீசல் வண்டிக்குப் பெட்ரோல் பங்க்கில் லாயல்டி கார்டு வாங்கின மாதிரி.

சார்ஜருக்கு வரேன். ஐரோப்பிய யூனியன் சட்டம் போட்டதால் 2024 டிசம்பர் 28லிருந்து அங்கே விற்கிற புது ஃபோன்களுக்கு யுஎஸ்பி-சி கட்டாயம். ஆப்பிள் அதுக்கு முன்னாடியே, 2023ல் ஐபோன் 15லிருந்து மாறிடுச்சு. நமக்கும் அந்தப் பலன் வந்து சேர்ந்தது. ஆனா ஓட்டை ஒரே மாதிரி இருக்குன்னு ஏமாந்துடாதீங்க. சில கம்பெனிகளோட 65, 80 வாட் வேகம் அவங்களோட சொந்த அடாப்டர், சொந்த ஒயரில் மட்டும்தான் வரும். வேற சார்ஜரில் போட்டா ஆமை வேகம். வாங்கும்போது "யுஎஸ்பி பவர் டெலிவரி எத்தனை வாட்?" என்று மட்டும் கேளுங்க. அந்த எண்தான் பொதுவான எண். கடைக்காரர் முழிச்சா ஸ்பெக் ஷீட்டில் தேடுங்க.

அப்போ ஸ்ட்ரீமிங் ஆப் கட் பண்ணிடலாமான்னு கேட்பீங்க. வேண்டாம். மாசம் 120 ரூபாயை எஸ்ஐபியில் போட்டா பத்து வருஷத்தில் எவ்வளவு வரும்னு கணக்குப் போடுற வீடியோ நிறைய பார்த்திருப்பீங்க. பத்து சதவீதம் வந்தாக்கூட 24,500 ரூபாய் சொச்சம். அதுக்காகப் பத்து வருஷம் பாட்டுக் கேட்காம இருக்கணுமா? எனக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கை இல்லை. ஸ்ட்ரீமிங் என்பது வாடகை. வாடகை தப்பில்லை, வாடகை வீட்டில் மார்பிள் பதிக்கிறதுதான் தப்பு. கூகுள் பிளே மியூசிக் 2020ல் போச்சு, ரெஸ்ஸோ இந்தியாவில் 2024 ஜனவரியோடு முடிஞ்சது, அதே வருஷம் விங்க்கும் மூடினாங்க. ஏழெட்டு வருஷம் பார்த்துப் பார்த்துச் சேர்த்த பிளேலிஸ்ட் அதில் இருந்தவங்களைக் கேட்டுப் பாருங்க.

அதனால புதுப்பட ஹிட்டெல்லாம் வாடகையிலேயே இருக்கட்டும், எங்கே போனாலும் கிடைக்கும். திரும்பக் கிடைக்காததை மட்டும் சொந்தமா வச்சுக்கோங்க. கடையில் இப்போ விற்காத பழைய சிடி, எந்த ஆப்பிலும் இல்லாத கச்சேரி, அதைவிட முக்கியமா வீட்டுக் குரல்கள். கல்யாண கேசட்டில் தாத்தா ரெண்டு வார்த்தை பேசியிருப்பார். அம்மா கொலுவில் பாடினது பழைய ஃபோனில் இருக்கும். இதையெல்லாம் எந்தக் கம்பெனியும் ரீஃபண்ட் பண்ண முடியாது.

சிடி என்றால் 'எக்ஸாக்ட் ஆடியோ காப்பி' மாதிரி இலவச சாஃப்ட்வேரில் ஃபிளாக்கா எடுத்துக்கோங்க. டிஸ்க் ட்ரைவ் இல்லைன்னா யுஎஸ்பியில் மாட்டுறது தனியா கிடைக்குது, நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஒண்ணு வாங்கினாப் போதும். கேசட்டைக் கடையில் கொடுத்து மாத்துறதா இருந்தா, வேவ் அல்லது ஃபிளாக் ஃபைலா பென் டிரைவில் தரணும்னு முதலிலேயே பேசிடுங்க. எங்க ஆப்பில் லாகின் பண்ணிக் கேட்டுக்கலாம்னு சொன்னா அடுத்த கடைக்குப் போங்க. ஆயிரம் பாட்டு ஃபிளாக்கில் 25 ஜிபி வாக்கில்தான் வரும். ஒரு காப்பி உங்க வீட்டில், இன்னொண்ணு தங்கச்சி வீட்டிலோ மச்சான் வீட்டிலோ இருக்கட்டும்.

இந்தப் பதிவில் எந்த அஃபிலியேட் லிங்க்கும் இல்லை, யாரும் காசும் கொடுக்கலை. புது ஃபோன் வாங்குற யோசனை இருந்தா அது தீபாவளி ஆஃபர் வரைக்கும் காத்திருக்கும். கேசட்டு காத்திருக்காது, டேப்பில் பூஞ்சை பிடிச்சுக்கிட்டு இருக்கு. இந்த ஞாயிற்றுக்கிழமை அந்த டப்பாவைக் கொட்டும்போது அடியில் ஒரு கேசட் இருந்தா, முதலில் அதை எடுத்துத் தனியா வைங்க.