படிக்கட்டும் பலகைச் சுவரும்

தோட்டத்தில் சாமான் அறையைப் பலகைச் சுவரில் போட்டவர்கள் முதலில் ஓடுவது பெயிண்ட் கடைக்குத்தான். எனக்கு அதில் உடன்பாடில்லை. பலகையைக் கெடுப்பது நேராக அடிக்கும் மழையைவிட, பக்கத்துப் படியில் விழுந்து தெறிக்கும் மழை. சேலம், நாமக்கல் பக்கம் படி என்றால் பெரும்பாலும் கருங்கல். அதில் விழும் சொட்டு செம்மண்ணோடு எகிறி அடிப்பலகையில் கறை கட்டும். ஐப்பசி மழை ஓய்ந்ததும் போய்ப் பாருங்கள், அந்தக் கறைக்குக் கீழேதான் நகம் வைத்தால் இறங்கும். மரத்தில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி நின்றால் பூஞ்சை பிடிக்கும். படிக்கும் சுவருக்கும் நடுவே மண் அடைந்துவிட்டால் கரையானுக்கு மறைவான வழியும் ஆயிற்று. தேக்கு என்று மார்தட்டிப் பயனில்லை. வைரம் பாயாத வெளிர்ப்பகுதி தேக்கிலும் அரிக்கும். இந்தப் பக்கத்துப் பழைய மாட்டுக் கொட்டகைகளில் கல்லுக்கால் நட்டு, அதன்மேல்தான் விட்டம் ஏற்றினார்கள். மரம் மண்ணைத் தொடவில்லை. கல்லுக்குப் பஞ்சமில்லாத சீமை, வேறென்ன! அதே கணக்கில், படியைச் சுவரோடு ஒட்டாமல் நாலு விரல் தள்ளிக் கட்டி, இடைவெளியில் ஜல்லி கொட்டி, தண்ணீர் ஓட வாட்டம் கொடுத்தால் பாதி வேலை முடிந்தது. அடிப்பலகையைத் தனியாகத் திருகாணியில் பூட்டினால், கெட்டதும் அதை மட்டும் மாற்றலாம். தாவாரத்தை 2 அடி நீட்டச் சொன்னால் தகரம் வீண் என்பார் ஆசாரி, கேட்காதீர்கள். முந்திரிக்கொட்டை எண்ணெயோ பெயிண்டோ அதற்குப் பிறகுதான், அதுவும் பலகையின் வெட்டுமுனையில் ஒரு கோட்டிங் கூடுதலாக.