டெரலிக்ட்: ஆள் இறங்கிப்போன கப்பல்

கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தால், "என்ன, கப்பலா கவிழ்ந்துபோச்சு?" என்று கேட்பது நம் வழக்கம். சேலையூரில் எங்கள் பக்கத்து வீட்டு அம்மாளிடம் போன வாரம் அப்படிக் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் மகன் உத்தண்டியில் இருக்கும் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். கப்பல் வேலைக்குப் போகப்போகிற பிள்ளை.

"கவிழல சார். விட்டுட்டுப் போயிடுவாங்களாமே, அதான்" என்றார். மகனின் பாடக் குறிப்பில் 'டெரலிக்ட்' என்ற சொல்லைப் பார்த்திருக்கிறார். செல்போனில் தேடினால் 'கைவிடப்பட்ட கப்பல்' என்று வந்திருக்கிறது. "கைவிட்டதுன்னா உள்ளே ஆளுங்க இருப்பாங்களா, இருக்க மாட்டாங்களா?"

அகராதி போட்டவர்களுக்கே தோன்றாத கேள்வி. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். இந்த வாரம் அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்வோம்.

லத்தீனில் 'லிங்க்வெரே' என்றால் விட்டுச் செல்வது. அதன் முன் 'ரெ' சேர்ந்தால் பின்னால் விட்டுச் செல்வது. அதற்கும் முன்னால் 'டெ' வந்து ஒட்டிக்கொண்டால், முழுவதுமாகக் கைகழுவுவது. இந்த மூன்றும் சேர்ந்து பிறந்ததுதான் டெரலிக்ட். ஆங்கிலத்துக்கு அது வந்தது 17ஆம் நூற்றாண்டில்.

இதன் உறவுக்காரர்கள் உங்களுக்கும் தெரிந்தவர்கள்தான். சாந்தோம் பேராலயத்தில் புனித தோமாவின் எலும்புத் துண்டைப் போற்றிப் பாதுகாக்கிறார்களே, அது 'ரெலிக்'. போனவர் விட்டுச் சென்றது என்று பொருள். அண்ணன் தம்பிக்குள் சொத்துரிமையை விட்டுக்கொடுத்துப் பத்திரம் போடும்போது பத்திர எழுத்தர் சொல்லும் 'ரிலிங்க்விஷ்' அதே குடும்பம். கடனைக் கட்டாதவரைக் குறிக்கும் 'டெலிங்க்வன்ட்' ஒன்றுவிட்ட தம்பி. பழைய ஆங்கிலக் கல்லறைக் கல்வெட்டுகளில் 'ரெலிக்ட்' என்றொரு சொல் வரும். இன்னாரின் ரெலிக்ட் என்றால் இன்னாரின் விதவை. கணவர் போய்விட்டார், இவள் மிச்சம். சொல்லை உண்டாக்கியவர்களுக்கு இது எப்படி உறுத்தாமல் போயிற்றோ!

செய்தித்தாளில் அதிகாரி ஒருவரைப் பணியிடை நீக்கம் செய்தால் 'டெரலிக்ஷன் ஆஃப் டியூட்டி' என்று போடுவார்கள். கடமையை நடுக்கடலில் விட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டத்தில் டெரலிக்ஷனுக்கு இன்னொரு பொருளும் உண்டு. கடலோ ஆறோ பின்வாங்கி, தானாக வெளியே தெரியும் நிலம். நம் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் இந்தச் சொல் செல்லாது. அங்கே தண்ணீர் பின்வாங்கவில்லை, நாம்தான் முன்னேறினோம்.

கப்பலுக்கு வருவோம். ஒரு கப்பலை டெரலிக்ட் என்று சொல்ல, அது கடலில் தனியாக நின்றால் மட்டும் போதாது. அதிலிருந்தவர்கள் இறங்கிப் போயிருக்க வேண்டும். அதை மீட்கலாம் என்ற நம்பிக்கையோ, திரும்பி வரும் எண்ணமோ அவர்களுக்கு இருக்கக் கூடாது. உதவி கூட்டி வருகிறேன் என்று கேப்டன் கரைக்குப் போயிருந்தால் அது டெரலிக்ட் ஆகாது. நம் நாட்டின் 1958ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டமும் கடல் சிதைவுகளைப் பட்டியல் போடும்போது, மீட்கும் நம்பிக்கையோ எண்ணமோ இல்லாமல் கைவிடப்பட்ட கலத்தையும் சேர்த்திருந்தது. இன்னொன்று: கண்டெடுத்தவருக்குக் கப்பல் சொந்தமாகிவிடாது. காப்பாற்றிக் கொண்டுவந்ததற்குச் சன்மானம் கேட்கலாம், அவ்வளவுதான்.

உலகப் புகழ்பெற்ற டெரலிக்ட், 'மேரி செலஸ்ட்'. நியூயார்க்கிலிருந்து ஜெனோவாவுக்குச் சாராயப் பீப்பாய்களோடு புறப்பட்ட பாய்மரக் கப்பல். 1872 டிசம்பரில் அசோர்ஸ் தீவுகளுக்கும் போர்ச்சுகலுக்கும் நடுவே ஆளில்லாமல் மிதந்தது. கேப்டன், அவர் மனைவி, இரண்டு வயதுக் குழந்தை, 7 மாலுமிகள் என்று 10 பேர் என்ன ஆனார்கள் என்பது இன்றுவரை தெரியாது.

அவ்வளவு தூரம் போவானேன்? 2011 ஜூன் கடைசியில் ஓமன் பக்கம் பழுதாகிப்போன 'பவித்' என்ற சிறிய எண்ணெய்க் கப்பலை அதன் மாலுமிகள் கைவிட்டார்கள். அவர்களை வேறு கப்பல் மீட்டது. பவித் மூழ்கிவிடும் என்று எல்லோரும் நினைத்திருக்க, அது பாட்டுக்கு ஒரு மாதம் அரபிக் கடலில் மிதந்து, ஜூலை 31 அன்று மும்பை ஜூஹு கடற்கரையில் வந்து உட்கார்ந்துகொண்டது. 2008 தாக்குதலுக்குப் பிறகு கடலோரக் காவலைப் பலப்படுத்திய ஊர் அது. கரை தட்டும்வரை ஒருவர் கண்ணிலும் படவில்லை!

இதுவரை சொன்னதை வைத்துப் பார்த்தால் அந்த அம்மாளுக்கு, "உள்ளே ஆள் இருக்க மாட்டார்கள், கவலைப்படாதீர்கள்" என்று பதில் சொல்லிவிடலாம். சொல்ல வாய் வரவில்லை. காரணம், நம் பெசன்ட் நகரில் பார்த்த ஒரு கப்பல்.

2012 அக்டோபர் 31. நீலம் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்த நாள். சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த 'பிரதிபா காவேரி' என்ற எண்ணெய்க் கப்பல், நங்கூரத்தோடு இழுத்துவரப்பட்டு எலியட்ஸ் கடற்கரை அருகே தரை தட்டியது. அதில் 37 பேர் இருந்தார்கள். சில மாதங்களாகச் சம்பளம் இல்லை, சாப்பாடும் குடிநீரும் எரிபொருளும் தட்டுப்பாடு என்று தப்பியவர்கள் பின்னர் சொன்னார்கள். 20க்கும் மேற்பட்டவர்கள் உயிர்காக்கும் படகில் இறங்கினார்கள். கொந்தளித்த கடலில் படகு கவிழ்ந்தது. கரையோர மீனவர்கள் பாய்ந்து பலரைக் காப்பாற்றினார்கள். ஆனாலும் 6 பேர் இறந்துபோனார்கள். கப்பலிலேயே தங்கிவிட்டவர்களை மறுநாள் ஹெலிகாப்டரில் மீட்டார்கள்.

நவம்பர் 11 அன்று இழுவைக் கப்பல் வந்து இழுத்துப் போகும்வரை அது அங்கேயே நின்றது. ஊரே வேடிக்கை பார்க்கப் போனது. நானும் தாம்பரத்திலிருந்து பஸ் ஏறிப் போனேன். கடற்கரையில் திருவிழாக் கூட்டம், சுண்டல், பஜ்ஜி. எல்லோரையும் போலக் கப்பலுக்கு முதுகைக் காட்டி நின்று படமும் எடுத்துக்கொண்டேன். அந்தப் படத்தை இப்போது எடுத்துப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.

புயலுக்கு முந்தைய நாள்வரை, சட்டப்படி அது டெரலிக்ட் அல்ல. உள்ளேதான் 37 பேர் இருந்தார்களே! கடல் தொழிலில் இதற்கு வேறு சொல் வைத்திருக்கிறார்கள்: 'அபான்டன்மென்ட்'. இங்கே கைவிடப்படுவது மாலுமி.

சம்பளம் வராவிட்டால் இறங்கி வந்துவிட வேண்டியதுதானே என்று தோன்றும். துறைமுகத்துக்கு வெளியே நிற்கும் கப்பலிலிருந்து இறங்கப் படகு வேண்டும், வெளிநாடாக இருந்தால் குடியேற்ற அனுமதி வேண்டும். குறைந்தபட்ச ஆட்கள் இல்லாமல் கப்பலை விட்டுவிட்டு வரவும் முடியாது. இறங்கிவிட்டால் சம்பள பாக்கி போய்விடுமோ என்ற பயம் வேறு. அதனால் அங்கேயே இருப்பார்கள்.

இதற்கு விதி இல்லாமல் இல்லை. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை என்று 2006இல் ஒன்று வந்தது. இந்தியா 2015இல் அதை ஏற்றது. சம்பளம் இரண்டு மாதம் பாக்கி நின்றாலோ, சாப்பாடு தண்ணீர் கொடுக்காமல் விட்டாலோ, ஊருக்கு அனுப்பும் செலவை முதலாளி ஏற்காவிட்டாலோ அந்த மாலுமி கைவிடப்பட்டவர்தான் என்கிறது. 2017 ஜனவரி 18 முதல் இதற்குக் காப்பீடும் கட்டாயம். நான்கு மாதச் சம்பளம் வரையிலான பாக்கி, சாப்பாடு, ஊர் திரும்பும் டிக்கெட் எல்லாம் அதில் அடங்கும். அந்தக் காப்பீட்டுச் சான்றிதழைக் கப்பலில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டியிருக்க வேண்டும். நம் 2017ஆம் ஆண்டு அட்மிரால்டி சட்டத்திலும், கப்பலைப் பிடித்துவைத்து ஏலம் விட்டால், கடல்சார் பற்றுரிமைகளில் மாலுமிகளின் சம்பள பாக்கிக்குத்தான் முதலிடம்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பால் வாங்க வந்த அந்த அம்மாளிடம் இதையெல்லாம் சொன்னேன். பவித்தை ரசித்துக் கேட்டார். பிரதிபா காவேரி வந்ததும் பால் பாக்கெட்டைத் திண்ணையில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். பையன் வேலைக்குச் சேரும்போது ஆள் எடுக்கும் நிறுவனத்துக்கு மத்தியக் கப்பல்துறைத் தலைமை இயக்குநரகத்தின் ஆர்.பி.எஸ்.எல். உரிமம் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். வேலை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்டால் அந்தப் பக்கமே போக வேண்டாம் என்றும் சொன்னேன்.

"அந்த இன்சூரன்ஸ் சர்டிபிகேட் எங்க சார் ஒட்டியிருக்கும்?"

"பெரும்பாலும் சாப்பாட்டு அறைச் சுவரில், இல்லையென்றால் அறிவிப்புப் பலகையில்."

"சரி. ஏறினதும் சாப்பிட்டியான்னு அப்புறம் கேட்டுக்கறேன். முதல்ல அதை போட்டோ எடுத்து அனுப்புடான்னு சொல்லிடறேன்."