எலி விஷமும் இருதய மாத்திரையும்

இருதய நோய்க்காரர்களுக்கு டாக்டர்கள் கொடுக்கும் வார்ஃபரின் என்னும் மாத்திரை எலியைக் கொல்லும் விஷமேயன்றி வேறல்லவென்றும், அதைத் தின்கின்றவன் தன் தலையில் தானே கொள்ளி வைத்துக்கொள்ளுகிறான் என்றும் சிலர் ஊரூராய்ச் சொல்லிக்கொண்டு வருகின்றார்கள். சொல்லுகின்றவர்கள் யாரென்று பார்த்தால், பெரும்பாலும் தாங்களே ஒரு சூரணமோ ஒரு தாயத்தோ விற்கின்றவர்களாயிருக்கின்றார்கள். அது கிடக்கட்டும். அவர்கள் சொல்லுவதில் முற்பாதி மெய்தான் என்று நாம் தாராளமாய் ஒப்புக்கொள்ளுகிறோம். வார்ஃபரின் 1948-ல் எலி மருந்தாகத்தான் கடைக்கு வந்தது. அதனால் என்ன முழுகிப்போயிற்று?

அதன் பிறப்பைச் சற்றுக் கவனிக்கவேண்டும். 1920-களில் கனடாவிலும் அமெரிக்காவின் வடக்கு டக்கோட்டாவிலும் மாடுகள் காரணம் தெரியாமல் இரத்தம் பெருகிச் செத்தன. கொம்பை அறுத்தாலும் காயடித்தாலும் இரத்தம் நிற்பதில்லை. நம் ஊராயிருந்தால் கண்ணேறு என்று வேப்பிலை கட்டியிருப்போம். அங்கே ஸ்கோஃபீல்டு என்ற கால்நடை வைத்தியர், ஸ்வீட் குளோவர் என்னும் தீவனப்பயிர் மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்ததே காரணமென்று கண்டார். ஒரே போரிலிருந்து நல்ல தண்டையும் கெட்ட தண்டையும் பிரித்தெடுத்து முயல்களுக்குப் போட்டுப் பார்த்தார். கெட்டதைத் தின்ற முயல் செத்தது. சந்தேகம் தீர்ந்தது.

பின்பு 1933 பிப்ரவரியில், விஸ்கான்சின் மாகாணத்து விவசாயி ஒருவர் செத்த கிடாரியையும், ஒரு பால்கேன் நிறைய உறையாத இரத்தத்தையும், கெட்டுப்போன தீவனத்தையும் வண்டியிலேற்றிக்கொண்டு பனிப்புயலில் மாடிசன் நகரத்துக்குப் போனார். அவை கார்ல் பால் லிங்க் என்ற ரசாயன ஆராய்ச்சியாளரின் கூடத்திற்கு வந்துசேர்ந்தன. ஆறு வருஷம் பாடுபட்டு, 1939-ல் அந்த விஷத்தைப் படிகமாகப் பிரித்தார்கள். அதன் பெயர் டைகூமரால். வார்ஃபரின் அதன் தம்பி. நமக்கு இதில் பிடித்தது லிங்க்கைவிட அந்த விவசாயிதான். “யார் செய்த பாவம்?” என்று கேளாமல், “இதில் என்ன இருக்கிறது?” என்று இரத்தத்தையே சாட்சியாய்க் கொண்டுபோன மனிதர் அவர்.

இனி இது சரீரத்தில் செய்யும் காரியத்தைப் பார்ப்போம். “இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை” என்று படித்தவர்களே சொல்லுகின்றார்கள். சுத்தத் தவறு. இரத்தம் முன்னிருந்த கெட்டியாகவேதான் இருக்கும். உறையும் வேகம்தான் குறையும். இரத்தம் உறைவதற்கான சில பொருள்களை ஈரல் தயாரிக்கின்றது. அவற்றில் நான்கை வேலைக்குத் தகுதியாக்க வைட்டமின் கே வேண்டும். ஒரு தடவை வேலை செய்ததும் அந்த வைட்டமின், உழுது மழுங்கிய கொழுவைப்போல் ஆகிவிடும். கொல்லன் தட்டிக் கூராக்கினால்தான் மறுபடியும் உழலாம். சரீரத்தில் அந்தக் கொல்லன் ஒரு நொதி. என்சைம் என்பது இதுதான். வார்ஃபரின் போய் அந்தக் கொல்லன் கையைப் பிடித்துக்கொள்ளுகிறது. கொழு மழுங்கியபடியே கிடக்கின்றது. இதை 1978-ல்தான் தெளிவாய் அறிந்தார்கள்.

ஏற்கெனவே தயாரான சரக்கு தீர வேண்டுமல்லவா? ஆகையால் மாத்திரையின் முழுப்பலன் தெரியச் சில நாள் பிடிக்கும். இன்று விழுங்கி இன்றே பலன் காணோமென்று இரண்டாய் விழுங்குவதும், ஒரு வாரம் நிறுத்தியும் ஒன்றும் ஆகவில்லையே என்று துணிவதும் இது தெரியாத மோசந்தான். கீரையில் வைட்டமின் கே ஏராளம். கீரையைத் திடீரென்று அதிகமாக்கினால் மருந்து தோற்கும். அடியோடு நிறுத்தினால் மருந்து மிஞ்சும். கீரை கூடாதென்பதல்ல, ஒரே அளவாய்ச் சாப்பிட வேண்டுமென்பதே விஷயம்.

1951-ல் அமெரிக்கப் படையில் சேர்ந்த ஒருவன் சாக எண்ணி இந்த எலி மருந்தை நாள்தோறும் தின்றான். வைட்டமின் கே-யும் பிறர் இரத்தமும் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள். மாற்று மருந்து உண்டென்பது அதனால் உறுதியாயிற்று. 1954-ல் மனிதருக்குக் கொடுக்க அனுமதி வந்தது. 1955-ல் மாரடைப்புக் கண்ட ஜனாதிபதி ஐசன்ஹோவருக்கே கொடுத்தார்கள்; மறு வருஷத் தேர்தலில் அவர் ஜெயித்தார்! எலிக்கும் ஜனாதிபதிக்கும் உள்ள வித்தியாசம் அளவுதான்.

அளவென்பதோ ஆளுக்கு ஆள் வேறு. ஐ.என்.ஆர். என்ற இரத்தப் பரிசோதனைதான் அதைச் சொல்லும். பெரும்பாலோருக்கு அந்த எண் 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்கவேண்டும். உலோக வால்வு பொருத்தியவர்களில் சிலருக்கு இன்னும் சற்று அதிகம். அடிக்கடி பரிசோதனை வேண்டாத புதிய மாத்திரைகள் இப்போது வந்திருப்பது மெய்தான். ஆனால் உலோக வால்வு உள்ளவர்களுக்கு அவை உதவா. அவர்களுக்குப் பழைய எலி விஷமே கதி.

நமக்குத் தெரிந்த தோழர் ஒருவருக்கு அப்படிப்பட்ட வால்வு. வீட்டார் ஒரு மண்டலம் விரதமென்று மாத்திரையை நிறுத்தச் செய்தார்கள். நான்காம் வாரத்தில் வால்வில் உறைந்த கட்டி மூளைக்கு ஏறி, வலது கையும் பேச்சும் விழுந்தன. தெய்வக் குற்றமென்றார்கள். மாத்திரை நின்றதை டாக்டர் கேட்கும்வரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. இப்போது அவர் மனைவி மாதந்தோறும் அவரைப் பரிசோதனைக்கு அழைத்துப்போய், அந்த எண்ணை நாட்காட்டியில் குறித்துவைக்கின்றார். போன மாதம் 2.6.