கிடங்கு மட்டும் போதுமா?

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரச் சங்கங்களுக்கு நாம் ஆய்வுக்குச் செல்லுந்தோறும், "குளிர்பதனக் கிடங்கு ஒன்று வேண்டும்" என்றே விவசாய அங்கத்தினர்கள் கேட்கின்றனர். நியாயமான கோரிக்கைதான். ஆனால் முதலில் கேட்கவேண்டியது அதுவா என்பதே நம் ஐயம்.

குளிர்பதனத் தொழிலுக்குத் துணைபுரிய மத்திய அரசாங்கம் 2012-இல் தேசியக் குளிர்சங்கிலி மேம்பாட்டு மையத்தை நிறுவியது. அம்மையத்துக்காக 2015-இல் எடுக்கப்பெற்ற கணக்கைப் பாருங்கள். நாட்டுக்குத் தேவையான கிடங்குக் கொள்ளளவு சுமார் 351 லட்சம் டன்; இருந்தது 318 லட்சம். குறை பெரிதன்று. ஆனால் காய்கனிகளைத் தரம்பிரித்து, வயற்சூட்டைத் தணித்துச் சிப்பங்கட்டும் நிலையங்கள் 70,080 வேண்டியிருக்க, இருந்தவை 249! குளிரூட்டிய வண்டிகள் சுமார் 62,000 வேண்டும். இருந்தவை 10,000-க்கும் குறைவு.

வெயிலில் பறித்துச் சாக்கில் திணித்த வெண்டைக்காய் கோயம்பேடு சேருமுன்பே வாடிவிடுகிறது. வாடியதைக் கிடங்கு மீட்டுத் தராது. விற்பவர் வந்த விலைக்குத் தள்ளிவிட்டுத் திரும்புகிறார். (கத்தரிக்காயோ கடுங்குளிரிலும் கெடும், எல்லாவற்றுக்கும் ஒரே குளிர் ஒவ்வாது.) பால் கூட்டுறவுகள் இதனை முன்பே உணர்ந்து, கிராமங்களுக்கருகிலேயே குளிர்விப்புக் கலன்களை அமைத்தன.

தரம் வகுப்பதும், ஆட்களைப் பயிற்றுவதும், மானியத்துக்கு வாதாடுவதும் தொழிலமைப்புகளின் பணி. அங்கே கிடங்குக்காரர் குரல் மட்டும் ஒலித்தால் கிடங்குகளே பெருகும். பாவின்றித் தறி மட்டும் வாங்குவதன் பயனை நெசவாள அங்கத்தினர்கள் அறிவார்கள். ஆகவே, சிப்பங்கட்டும் நிலையம் ஒன்றும் குளிர்வண்டி ஒன்றும் கோரி, அடுத்த பொதுக்குழுவில் தீர்மானம் நிறைவேற்றி அவ்வமைப்புகளுக்கு அனுப்புங்கள். நகலொன்றை நமக்கும் அனுப்பலாம்.