சாவுக்கும் விலை வைக்கும் ஆகாய வியாபாரம்



"இன்று ஏழையும் விமானத்தில் பறக்கிறான்" என்று மேடைதோறும் முழங்குகிறார்கள். மறுப்பதற்கு முன் நாம் ஒன்று கேட்கிறோம்: எந்த நாளில் பறக்கிறான்?

இரண்டு மாதம் முன்பே நாள் குறித்துக் காசு கட்டியவன் பறக்கிறான். உண்மைதான். ஆனால் ஊரில் தாய் இறந்துபோனாள் என்று விடியற்காலையில் போன் வருகிறதே, அந்த நாளில் பறக்க முடிகிறதா?

தாராவியில் நம் சங்க உறுப்பினர் ஒருவர், ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி. திருநெல்வேலிப் பக்கம் அவருடைய தாயார் காலமானார். மதுரைக்கு அன்றைய விமான டிக்கெட் அவருடைய ஒரு மாதக் கூலியைத் தாண்டியது. நாம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுத் தொகையைச் சேர்த்தோம். சேர்ப்பதற்குள் விலை மறுபடி ஏறியது. மீண்டும் கை நீட்டினோம். அதற்குள் இடமே தீர்ந்தது. அண்ணாச்சி ரயிலில் பொதுப்பெட்டியில் நின்றுகொண்டே போனார். சாம்பல் அள்ளத்தான் அவருக்குக் கொடுத்துவைத்திருந்தது.

இதை ஒரு தனி மனிதனின் துரதிர்ஷ்டம் என்று சொல்லிவிட முடியுமா? பிழைக்க வந்த ஒவ்வொரு குடும்பத்திலும் இப்படி ஒரு கதை உண்டு.

பழைய காலம் பொற்காலம் என்று நாம் சொல்ல வரவில்லை. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு விமானம் ஓட்டி வந்தார். அதே வழித்தடம் சென்னை வரை நீண்டது. அதில் போனது தபால் மூட்டை. 1953இல் விமானக் கம்பெனிகள் நாட்டுடைமையாயின. இந்தியன் ஏர்லைன்ஸில் உட்காரத் தாராளமான இடம், எல்லோருக்கும் சாப்பாடு, இருபது கிலோ மூட்டைக்குத் தனிக் காசில்லை. ஆனால் அதில் உட்கார்ந்தவர் யார்? அதிகாரியும் முதலாளியும் எம்.பி.யும். நம் முன்னோர் தாதர் எக்ஸ்பிரஸில் தகரப் பெட்டிமேல் உட்கார்ந்து போனார்கள். தந்தி கையில் கிடைத்து ஊர் போய்ச் சேர்வதற்குள் காரியம் முடிந்திருக்கும்.

1994இல் தனியாருக்குக் கதவு திறந்தது. 2003இல் ஏர் டெக்கான் வந்தது. ஒரு ரூபாய்க்குக்கூட டிக்கெட் விற்றது. நம் பிள்ளைகள் பலர் முதன்முதலாக விமானப் படி ஏறியது அதற்குப் பிறகுதான். கட்டணம் குறைந்தது நன்மையே. அதை நாம் ஒளிக்கவில்லை.

எதைக் கழித்துக் குறைத்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் இடையே இருந்த தூரத்தில் அங்குலம் அங்குலமாக வெட்டினார்கள். இன்று மலிவு விமானங்களில் அது 28, 29 அங்குலம். முழங்கால் முன்சீட்டில் இடிக்கிறது. இருபது கிலோ பதினைந்து ஆனது. சாப்பாட்டுக்குத் தனிக் காசு; ஜன்னல் ஓரத்துக்குத் தனிக் காசு; மனைவி பக்கத்தில் உட்கார வேண்டும் என்றால் அதற்கும் காசு. முன்பு டிக்கெட்டோடு சேர்ந்திருந்ததைத் துண்டு துண்டாக வெட்டி நமக்கே திரும்ப விற்கிறார்கள்.

முழங்கால் வலியைப் பொறுத்துக்கொள்வோம். இரண்டு மணி நேரம்தானே! பொறுக்க முடியாதது விலை. ரயில் கட்டணத்துக்கு ஒரு அட்டவணை உண்டு. இத்தனை கிலோமீட்டர், இந்த வகுப்பு, இவ்வளவு ரூபாய். கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாவான நமக்கும், அந்தப் பக்கம் நிற்கும் பயணிக்கும் அது தெரியும். அழுதுகொண்டு வருகிறவனிடம் கூடுதலாகக் கேட்க எந்தக் குமாஸ்தாவுக்கும் அதிகாரமில்லை. கேட்டால் அதற்குப் பெயர் லஞ்சம்! அதையே கம்ப்யூட்டர் செய்தால் அதற்குப் பெயர் சந்தை விலையாம்!

"கடைசி இடத்தை அதிக விலைக்கு விற்பதால்தான் முதல் இடத்தை மலிவாகக் கொடுக்க முடிகிறது" என்பார்கள். இருக்கட்டும். ஏற்ற இறக்கமே கூடாது என்று நாம் சொல்லவில்லை. ஏற்றத்துக்கு ஒரு எல்லை வேண்டும் என்கிறோம். "போட்டி இருக்கிறது, விலை தானே இறங்கும்" என்பார்கள். 2025இல் உள்நாட்டுப் பயணிகளில் பத்தில் ஒன்பது பேரை ஏற்றிச் சென்றவை இரண்டே குழுமங்கள். இதுவா போட்டி?

"கட்டணத்தில் அரசு தலையிட முடியாது" என்பதும் பொய். 2020 மே மாதம் கொரோனா அடைப்புக்குப் பின் விமானங்கள் மீண்டும் பறந்தபோது அரசு உச்சவரம்பு விதித்தது. 2022 ஆகஸ்ட் வரை அது இருந்தது. 2025 டிசம்பரில் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாகி, கட்டணம் கண்டபடி ஏறியபோது, 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், 1,500 கிலோமீட்டருக்கு மேல் 18,000 ரூபாய் என்று மறுபடி வரம்பு கட்டியது. கை இருக்கிறது, நீட்ட மனம்தான் இல்லை.

செருப்புக் காலோடு ஏழை பறப்பான் என்று 2017இல் உடான் திட்டத்தைத் தொடங்கினார்கள். 2023இல் தணிக்கை அதிகாரியின் அறிக்கை என்ன சொன்னது? ஒதுக்கிய 774 வழித்தடங்களில் 403 தொடங்கப்படவே இல்லை!

இந்த நோய் தண்டவாளத்துக்கும் பரவிவிட்டது. 2016 செப்டம்பரில் ராஜதானி, சதாப்தி, துரந்தோ ரயில்களில், இடம் தீரத் தீரக் கட்டணம் ஏறும் முறை வந்தது. 2020 மார்ச்சில் மூத்த குடிமக்கள் சலுகையை நிறுத்தினார்கள். ஆகாயத்தில் நடப்பது நமக்கெதற்கு என்று இருந்தால், நாளை ஸ்லீப்பர் பெட்டிக்கும் இதே கதிதான்.

ஆகவே நாம் கேட்பது மூன்று. ஒவ்வொரு வழித்தடத்துக்கும் நிரந்தர உச்சவரம்பு வேண்டும். சாவு, ஆபத்தான நோய் என்றால் சான்றைப் பிறகு காட்டிக்கொள்ளலாம் என்ற நிபந்தனையில், ஒவ்வொரு விமானத்திலும் சில இடங்கள் சாதாரண விலைக்கு வேண்டும். விமானம் எட்டாதவனுக்காக, தெற்கே போகும் ரயில்களில் ஸ்லீப்பர், பொதுப்பெட்டிகளைக் கூட்ட வேண்டும்.

இந்த மாதம் கிளைதோறும் கையெழுத்து வாங்குவோம். சங்கத்துக்கு வரும்போது ஊர்ச் சாவுக்குப் போக நீங்கள் கொடுத்த டிக்கெட்டின் நகலைக் கொண்டுவாருங்கள். அதைவிடப் பெரிய சாட்சி நமக்குத் தேவையில்லை.