‘ஆஃப்லைன்’ என்றொரு பொய்

பிரிண்டர் மேஜை மேல்தான் இருக்கிறது. பவர் விளக்கு எரிகிறது. தாள் இருக்கிறது, மை இருக்கிறது, வைஃபை விளக்கும் கண் சிமிட்டாமல் நிற்கிறது. முந்தாநாள் வரை ஒழுங்காக அடித்துக் கொடுத்த அதே பிரிண்டர்தான். லேப்டாப் மட்டும் ஒற்றை வார்த்தையில் கையை விரிக்கிறது: ‘ஆஃப்லைன்’.

மறுநாள் காலை ப்ராஜெக்ட் கொடுக்க வேண்டிய பிள்ளை உள்ள வீடு என்றால் அடுத்து நடப்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. பிரிண்டரை அணைத்துப் போடுவார்கள். லேப்டாப்பை அணைத்துப் போடுவார்கள். நாலு தடவை பிரிண்ட் கொடுப்பார்கள் (சரியான பிறகு அந்த நாலும் சேர்ந்து வந்து தாளைத் தின்னும்). “வயர் வச்ச பிரிண்டரே போதும்னு அப்பவே சொன்னேன்” என்பார் அப்பா. கடைசியில் பென்டிரைவோடு தெருமுனை ஜெராக்ஸ் கடைக்கு ஓட்டம். மறுநாள் சர்வீஸ்காரர் வந்து டிரைவரை அன்இன்ஸ்டால் செய்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்வார். பிரிண்ட் வரும். காசை வாங்கிக்கொண்டு போவார். எல்லோருக்கும் சந்தோஷம், அடுத்த மின்வெட்டு வரை.

அந்த ரீஇன்ஸ்டால் வைத்தியம் இருக்கிறதே, அதுதான் இந்த விஷயத்தில் பெரிய ஏமாற்று வேலை. பலிக்கும் வைத்தியம் என்பதால்தான் ஏமாற்று வேலை.

என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். வீட்டில் வைஃபையில் சேரும் ஒவ்வொரு பொருளுக்கும் ரூட்டர் ஓர் எண் கொடுக்கிறது. இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் டிஹெச்சிபி. இன்றும் வீடுகளில் ஓடுவது 1997-ல் எழுதப்பட்ட அதன் விதிமுறைதான். எண் சொந்தம் கிடையாது, வாடகைக்குத்தான். பிரிண்டர் வாங்கிய அன்று அதற்கு 192.168.1.7 கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். லேப்டாப் பல சமயம் அந்த எண்ணை ‘போர்ட்’ என்ற இடத்தில் எழுதி வைத்துக்கொள்கிறது. ஒரு நாள் கரண்ட் போய் வருகிறது. எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் கண் விழித்து ரூட்டரிடம் எண் கேட்கின்றன. பழைய கணக்கை நினைவில் வைக்காத ரூட்டர் என்றால் 7-ஐத் தூக்கி அக்காவின் மொபைலுக்குக் கொடுத்துவிடும், பிரிண்டருக்கு 12. லேப்டாப்புக்கு இது தெரியாது. அது இன்னும் 7-ம் நம்பர் கதவைத்தான் தட்டிக்கொண்டிருக்கிறது. வீடு மாறிப் போனவரைப் பழைய வாசலில் நின்று கூப்பிட்டுவிட்டு, “ஆளே ஊர்ல இல்ல” என்று ஊரெல்லாம் சொல்வது போல.

ரீஇன்ஸ்டால் செய்யும்போது லேப்டாப் பிரிண்டரைப் புதிதாகத் தேடுகிறது, 12 என்ற எண்ணை எழுதிக்கொள்கிறது. அவ்வளவுதான் நடந்தது. டிரைவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. எண் மாறியதுதான் காரணம் என்று வீட்டுக்காரருக்கு யாரும் சொல்லவில்லை. இனியும் மாறும் என்றும் சொல்லவில்லை. ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அதைச் சொல்லாமல் வாங்கும் காசு சேவைக் கட்டணமா, அறியாமைக்கான வரியா?

“இப்போதெல்லாம் பிரிண்டர்கள் தாமே கண்டுபிடித்துக்கொள்ளுமே” என்று ஒரு கட்சி உண்டு. உண்மைதான். ஆப்பிளின் ஏர்பிரிண்ட் 2010-லேயே வந்தது. அது எண்ணைப் பார்ப்பதில்லை, பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறது. அதனால்தான் பல வீடுகளில் மொபைலிலிருந்து கொடுத்தால் சட்டென்று வருகிறது, லேப்டாப்பிலிருந்து வருவதில்லை. உடனே, “லேப்டாப்பில வைரஸ்” என்று தீர்ப்பு எழுதி ஃபார்மட் செய்யக் கொண்டுபோகும் புண்ணியவான்களும் இருக்கிறார்கள்! மொபைலில் வருகிறது என்றால் பிரிண்டர் நலம், வைஃபை நலம், லேப்டாப்பிடம் இருப்பது பழைய முகவரியாக இருக்கலாம் என்று முதல் சந்தேகம் வர வேண்டும். அதைச் சொல்லித்தர ஆளில்லை.

எல்லாத் தகராறும் முகவரித் தகராறுதான் என்று சொல்லவில்லை. ரூட்டரை மாற்றியிருப்பார்கள், பிரிண்டர் இன்னும் பழைய வைஃபை பெயரைத் தேடிக்கொண்டிருக்கும் (புது ரூட்டருக்குப் பழைய பெயரையும் பாஸ்வேர்டையுமே வைத்துவிட்டால் பெரும்பாலும் வேலை முடிந்தது). லேப்டாப் ‘கெஸ்ட்’ வைஃபையில் சேர்ந்திருக்கும். ஸ்பூலர் நின்றுபோயிருக்கும். சில சமயம் பிரிண்டருக்கு ஒரு குறையும் இருக்காது. எஸ்.என்.எம்.பி. என்ற குசல விசாரிப்புக்கு அது பதில் சொல்லாததற்காக விண்டோஸ் கோபித்துக்கொள்ளும். காரணங்கள் அத்தனை, வார்த்தை ஒன்றுதான்: ஆஃப்லைன். காய்ச்சல், கால் முறிவு, பல்வலி எல்லாவற்றுக்கும் “உடம்பு சரியில்லை” என்று மட்டும் எழுதிக் கொடுக்கும் டாக்டரிடம் யாராவது மறுபடி போவார்களா?

பிரிண்டர் வாய் திறக்காத பிரச்சினை இன்று நேற்று வந்ததல்ல. 1980 வாக்கில் எம்.ஐ.டி.யின் செயற்கை நுண்ணறிவுக் கூடத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் இதே எரிச்சலில் இருந்தார். பழைய பிரிண்டரில் தாள் சிக்கினால், அதற்காகக் காத்திருப்பவர்களின் திரைக்குச் செய்தி போகும்படி அவர் நிரலைத் திருத்தி வைத்திருந்தார். புதிதாக வந்த ஜெராக்ஸ் லேசர் பிரிண்டருக்கு மூல நிரல் தரப்படவில்லை, அதனால் அந்த வசதியைச் சேர்க்க முடியவில்லை. நிரல் கையில் இருந்த வேறொரு பல்கலைக்கழகத்துக்காரரிடம் போய்க் கேட்டும் கிடைக்கவில்லை. 1983-ல் அவர் குனூ திட்டத்தை அறிவித்ததற்குப் பின்னால் இந்தக் கசப்பும் இருந்தது. அவருக்காவது நிரலைக் கேட்கத் தெரிந்திருந்தது. வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன கேட்பது என்றே தெரியாதபடி அல்லவா செய்து வைத்திருக்கிறார்கள்?

“192.168.1.7-ல் பதில் இல்லை. அந்தப் பிரிண்டர் இப்போது 192.168.1.12-ல் இருக்கிறது. மாற்றிக்கொள்ளவா?” இப்படி ஒரு பெட்டி திரையில் வந்தால் போதும். செய்ய முடியாத வித்தை இல்லை. ரீஇன்ஸ்டால் செய்யும்போது தேடிப் பிடிக்கும் அதே தேடலை அதற்கு முன்பே செய்தால் ஆயிற்று.

அந்தப் பெட்டி வரும்வரை வீட்டிலேயே செய்யக்கூடியது இருக்கிறது, பத்து நிமிஷ வேலை. பிரிண்டரின் திரையில் நெட்வொர்க் விவரத்துக்குள் போனால் இப்போதைய எண் தெரியும். திரை இல்லாத பிரிண்டர் என்றால் நெட்வொர்க் விவரத்தை ஒரு தாளில் அச்சடிக்கச் செய்யலாம், எந்தப் பட்டன் என்று கையேட்டில் இருக்கும். லேப்டாப்பில் பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸ் போய் போர்ட்ஸ் பக்கத்தில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். இரண்டும் வேறு என்றால் திருடன் பிடிபட்டான். புது எண்ணுக்கு ஒரு டிசிபி/ஐபி போர்ட் சேர்த்துவிட்டால் பிரிண்ட் வரும். அதோடு நிறுத்தாமல் ரூட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் நுழைந்து, ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’ பகுதியில் பிரிண்டரின் மேக் முகவரிக்கு அந்த எண்ணை நிரந்தரமாக ஒதுக்கிவிட வேண்டும். பிறகு அந்த எண்ணை ஒரு துண்டு டேப்பில் எழுதி பிரிண்டர் மூடி மேலேயே ஒட்டி வையுங்கள். அடுத்த தடவை சர்வீஸ்காரர் வந்து டிரைவர் மேல் கை வைக்கும் முன் அதைக் காட்டி, “போர்ட்ல இந்த நம்பர்தான் இருக்கா, பாத்துச் சொல்லுங்க” என்று கேட்கலாம்.