எல்லவில் இறங்காமல் போனால்: ஊவாவின் காட்சிகளும் காணியில்லாத மக்களும்

பதுளை ரயில் எல்ல நிலையத்தில் நின்றதும் பெட்டிகள் பாதிக்கு மேல் காலியாகிவிடும். முதுகில் பையுடன் இறங்கும் வெளிநாட்டவர்கள் ஒன்பது வளைவுப் பாலத்தைத் தேடிப் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு பதுளை வரை போகிறவர்களில் பெரும்பாலானோர் ஊர்க்காரர்கள்: ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் போகிறவர்கள், விடுமுறைக்குத் தோட்டத்துக்குத் திரும்பும் பிள்ளைகள். கொழும்பில் கடைகளில் வேலை செய்யும் மலையகப் பிள்ளைகள் பலர் இந்தப் பாதையில்தான் வீடு வந்து சேர்கிறார்கள்.

வடக்கில் இருந்து இதைப் படிக்கும் பலருக்கு ஊவா அந்நியமான இடம் அல்ல. 1977, 1983 வன்முறைகளுக்குப் பின் தோட்டங்களை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் போய்க் காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள் ஏராளம். 2009 வரை யுத்தம் அவர்களையும் துரத்தியது. அந்தப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தங்கள் பழைய ஊரைப் பார்க்கப் போகும்போது எல்லவில் மட்டும் படம் எடுத்துக்கொண்டு திரும்பக் கூடாது என்பதற்காகவே இந்தப் பாதையைச் சொல்கிறேன்.

எல்லவுக்கு அடுத்து தெமோதரை. ரயில் பாதை இங்கே மலையைச் சுற்றி இறங்கி, தான் கடந்து வந்த நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தில் நுழைந்து போகிறது. இந்த வளைவு எப்படி வந்தது என்பதற்கு ஒரு கதை உண்டு. மலைச்சரிவில் பாதையை எப்படி இறக்குவது என்று பொறியியலாளர் தவித்தபோது, ஒரு கங்காணி தன் தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி சுற்றிக் கட்டியதைப் பார்த்து அவருக்கு யோசனை பிறந்ததாம். உண்மையோ இல்லையோ, பொறியியலாளராக டி. ஜே. விமலசுரேந்திரவின் பெயரைக் கதை நினைவு வைத்திருக்கிறது. ஒன்பது வளைவுப் பாலத்துக்கும் பி. கே. அப்புஹாமி என்ற உள்ளூர்க் கட்டுநரின் பெயர் சொல்லப்படுகிறது. கங்காணிக்கு மட்டும் பெயர் இல்லை. 1924 இல் பாதை பதுளையை எட்டியது. தோட்டத் தேயிலையைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகவே இந்த ரயில்பாதை மலையேறியது என்பதைச் சுற்றுலாக் கையேடுகள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.

பதுளை நகரின் நடுவில் இருக்கும் புனித மாற்கு ஆலயத்தை ஊர்க்காரர்களே அதிகம் கவனிப்பதில்லை. சிறிய ஆங்கிலிக்கன் தேவாலயம், 1857 இல் அபிஷேகம் செய்யப்பட்டது. மேஜர் தோமஸ் வில்லியம் ரோஜர்ஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரியின் நினைவாகக் கட்டியது. பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்து வீதிகள் போட்டவர். ஆயிரத்து நானூறு யானைகள் வரை சுட்டுக் கொன்றவர் என்றும் பதிவாகியிருக்கிறது. 1845 இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். ஆயிரம் யானையைச் சுட்டவருக்கு ஒரு கோயில் இருக்கிறது. அவர் போட்ட வீதிகளில் கல் உடைத்தவர்களின் பெயரை எங்கே தேடுவது?

பதுளையிலிருந்து பஸ்ஸில் ஹப்புத்தளைக்குப் போனால் வழியில் பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ வரும். நான் பார்த்த எந்தச் சுற்றுலா வழிகாட்டியிலும் இந்தப் பெயர் இல்லை. எங்கள் வாசகர்களுக்கு அது தெரியும். 2000 ஒக்டோபர் 25 அன்று இங்கிருந்த புனர்வாழ்வு முகாமுக்குள் கும்பல் புகுந்து குறைந்தது 27 தமிழ் இளைஞர்களையும் சிறுவர்களையும் கொன்றது. பொலிஸார் அங்கே இருக்கும்போதே நடந்தது. மேல் நீதிமன்றம் 2003 இல் ஐந்து பேருக்கு மரண தண்டனை விதித்தது. 2005 இல் உயர் நீதிமன்றம் எல்லோரையும் விடுதலை செய்தது. பஸ் அங்கே நிற்கும் நேரம் ஒரு நிமிடம்கூட இல்லை.

ஹப்புத்தளையில் பார்க்க வேண்டியது அடிசம் பங்களா. சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931 இல் கட்டிய கல் மாளிகை. இங்கிலாந்தின் கென்ட் பகுதியிலுள்ள தன் பிறந்த ஊரின் பெயரையே வைத்தார். இன்று அது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். வார இறுதியிலும் போயா, விடுமுறை நாட்களிலும் உள்ளே போகலாம், துறவிகள் செய்யும் ஜாம் வாங்கலாம். இவர்கள் சில்வெஸ்திரைன் பிரிவினர், அது 13ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் ஃபப்ரியானோ நகருக்கு அருகே தோன்றியது. இத்தாலிக்கு வேலைக்குப் போக வழி தேடும் இளைஞர்கள் நம்மிடையே எத்தனை பேர்! இத்தாலி எப்போதோ ஹப்புத்தளைக்கு வந்துவிட்டது.

அங்கிருந்து தம்பேத்தன்னை தேயிலைத் தொழிற்சாலையும் அதற்கு மேலே லிப்டன் இருக்கையும். விடியற்காலையில் போக வேண்டும், பத்து மணிக்குமேல் மூடுபனி ஏறிவிடும். உச்சியில் லிப்டன் உட்கார்ந்திருப்பதுபோல ஒரு சிலை. ஏறும் வழியெல்லாம் லயங்கள், பள்ளிக்கூடம், கோயில், கொழுந்துக் கூடையுடன் போகும் பெண்கள். பயணிகள் அவர்களையும் படம் எடுக்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் எனக்கு உறுத்துகிற கேள்வி. இவ்வளவு அழகான காட்சிக்கு நடுவில் வாழும் குடும்பங்கள் ஏன் ஒரு அறையைக்கூட விருந்தினருக்கு வாடகைக்கு விட முடிவதில்லை? எல்லவில் கிராமத்து வீடுகள் தங்கும் விடுதிகளாகிவிட்டன. அவர்களிடம் எனக்குக் கோபமில்லை, அவர்களிடம் காணி இருந்தது. தோட்டக் காணிகள் 1972, 1975 சட்டங்களால் அரசுடைமையாகி, 1992 இல் நிர்வாகம் கம்பெனிகளின் கைக்குப் போய், பிறகு நீண்டகாலக் குத்தகையாகின. ஆகவே கம்பெனியால் துரை பங்களாவைச் சொகுசு விடுதியாக்க முடியும். நான்கு தலைமுறையாக அதே தோட்டத்தில் இருப்பவர் லயத்தின் பின்பக்கம் ஒரு அறை இறக்குவதற்கே நிர்வாகத்தைக் கேட்க வேண்டும். உறுதி இல்லாதவருக்கு வங்கி கடன் கொடுக்காது. 1948 இல் பிரஜாவுரிமை பறித்தார்கள். அது திரும்பக் கிடைத்த பிறகும் காணி கிடைக்கவில்லை.

சுற்றுலாவால் வேலை வருகிறதே என்பார்கள். வருகிறதுதான்: அறை துடைக்க, துணி துவைக்க, வாசலில் காவல் நிற்க. சொந்தமாக ஓட்டோ வாங்கியவர்கள் கொஞ்சம் தப்பித்திருக்கிறார்கள். 2026 வரவு செலவுத் திட்டத்தில் நாட்சம்பளம் 1,550 ரூபாவும் வருகைக்கு 200 ரூபாவும் என்று அறிவித்தார்கள். எல்லவில் இரண்டு பேர் காலைச் சாப்பாடு சாப்பிட்டால் அதற்கு மேல் முடிந்துவிடும். அரசாங்கம் கொடுப்பதாகச் சொல்லும் துண்டுக் காணியில் ஒரு வீடு கட்டலாம். அதுவும் உறுதியோடு கிடைத்தால்தான் அதில் ஒரு அறையை வாடகைக்கு விட யோசிக்கலாம். சுற்றுலா அபிவிருத்தி பற்றி மாகாணத்தில் நடக்கும் கூட்டங்களில் முதலில் பேச வேண்டியது இதுதான் என்பது என் கருத்து.

கடைசியாகத் தியலும. கொஸ்லந்தைக்கும் வெல்லவாயவுக்கும் இடையில் 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் நீர்வீழ்ச்சி. மேலே உள்ள தடாகங்களில் குளிப்பதற்காக இப்போது கூட்டம் கூடுகிறது. அந்தப் பாதையில் கொஸ்லந்தையைத் தாண்டும்போது மீரியபெத்தை எந்தப் பக்கம் என்று யாரிடமாவது கேளுங்கள். 2014 ஒக்டோபர் 29 காலையில் லயங்களை மண் மூடிய இடம். 2005 இலும் 2011 இலும் அந்த மக்களை இடம் மாற்றச் சொல்லி எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. மாறிப் போகச் சொந்தமாக ஒரு துண்டுக் காணி அவர்களிடம் இருக்கவில்லை. தப்பியவர்களுக்கு வீடு கிடைக்க ஏறக்குறைய இரண்டு வருடம் ஆனது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையில் பதுளை மாவட்டத்தின் சரிவுகள் மறுபடி இறங்கின.

போகிறவர்கள் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மழை மாதங்களைத் தவிருங்கள், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிவித்தல்களைப் பாருங்கள். ஜூலை, ஓகஸ்ட் நல்லது. காற்று வறண்டு வீசும், ஊவாத் தேயிலை மணக்கும் பருவமும் அதுவே. பண்டாரவளையிலிருந்து பூனாகலை வழியாகவும் கொஸ்லந்தைக்கு இறங்கலாம். பாதை ஒடுக்கம், நேரம் எடுக்கும். மீரியபெத்தையில் தப்பியவர்களுக்குக் கட்டிக்கொடுத்த வீடுகள் பூனாகலைப் பக்கம்தான் இருக்கின்றன.